படிக்காமல் விட்ட மேற்குத் தாழ்வாரம்

பேய் பங்களா நாவல்கள் எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்வையற்றோருக்கான ஒரு டிரஸ்ட்டில், பேசும் புத்தகப் பிரிவில், இருபத்தெட்டு வருடம் மைக் முன்னால் உட்கார்ந்து புத்தகம் படித்தவன் நான். அதில் பேய் பங்களா வகை மட்டும் நாற்பதுக்கு மேல் இருக்கும். மழை, மலைமேல் ஒற்றைக் கட்டடம், பூட்டிய அறை, புதிதாக வந்த மருமகள், வாய் திறக்காத சமையல்காரன். பத்தாவது புத்தகத்திலேயே எனக்கு அலுத்துவிட்டது. மீதி முப்பதையும் வேலை என்பதால் படித்தேன்.

இப்போது பிரிவில் இருக்கிற இளைஞர்கள் போன மாதம் ஈஜிபுராவில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். புத்தகம் படிக்க இனி மனிதர் வேண்டாமாம், கம்ப்யூட்டரே குரல் கொடுத்துவிடுகிறதாம். எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்து மெதுவாகச் சொன்னார்கள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தக் குரலுக்குத் தொண்டை கட்டாது, தூக்கம் வராது. எந்தப் புத்தகங்களை முதலில் ஏற்றலாம் என்று பழைய பதிவேட்டைப் புரட்டினார்களாம். திரும்பத் திரும்ப வாங்கிப் போனது பேய் பங்களா நாவல்களைத்தானாம். "ஏன் சார்? கண்ணு தெரியாதவங்களுக்கு இருட்டு வீட்டுக் கதையில என்ன இருக்கு?" என்று ஒரு பெண் கேட்டாள். நீங்கள்தான் அதிகம் படித்தவர், எழுதிக் கொடுங்கள் என்றாள். சரி என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமானால் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லியாக வேண்டும். சொல்லிவிடுகிறேன். மறைத்து வைப்பதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா மாநில அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. பள்ளிக்கூடத்தில் கன்னடம், வீட்டில் தமிழ். அம்மா தைத்து வைத்திருந்த வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் படித்துத்தான் எனக்குத் தமிழ் வந்தது. குரல் நன்றாக இருக்கிறதென்று யாரோ சொல்லி அனுப்ப, டிரஸ்ட்டில் சேர்ந்தேன். இரண்டு வாரம் மைக்குக்கு எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும், பக்கத்தை எப்படிச் சத்தமில்லாமல் திருப்ப வேண்டும் என்று கற்றுக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் ஒரு சமையல் புத்தகத்தைக் கையில் கொடுத்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

அறை என்றால் சுவரெல்லாம் தென்னை நார்ப் பாய் அடித்த ஒரு பெட்டி. மின்விசிறி போட்டால் சத்தம் பதிவாகிவிடும் என்பதால் போட முடியாது. வெளியே ஆட்டோ ஹார்ன், பக்கத்து வீட்டுக் குக்கர், கணேச பண்டிகை சமயத்தில் ஒலிபெருக்கி. இவை ஓய்கிற இடைவெளியில் படிக்க வேண்டும். நாளெல்லாம் உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரப் பதிவு தேறும். அறைக்கும் வெளியே இருந்த மேசைக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. அந்த மேசையில் ஒரு காதில் மட்டும் ஹெட்போனை வைத்துக்கொண்டு ஹேமாவதி மேடம் உட்கார்ந்திருப்பார்.

ஹேமாவதி மேடம்தான் பிரிவின் பொறுப்பாளர். என்னைவிட ஆறு வயது சிறியவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. படிக்கும்போது தப்பு வந்தால் மோதிர விரலால் மேசையை ஒரு தட்டு தட்டுவார். அது என் காதில் இருக்கிற ஹெட்போனில் கேட்கும். நான் நிறுத்தி, அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடி படிக்க வேண்டும். எச்சில் விழுங்கினால் தட்டு. நாற்காலி முனகினால் தட்டு. மோர் குடித்துவிட்டு வந்தால் குரல் வழுக்குகிறது என்று கண்டுபிடித்துவிடுவார். முதல் வருடம் அந்த விரலை வெட்டிப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

அவர் சொன்ன விதிகள் இரண்டே இரண்டு. அச்சான எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்பது முதல் விதி. தலைப்பு, ஆசிரியர், அச்சகத்தின் பெயர், விலை, படம் இருந்தால் படத்தில் என்ன இருக்கிறது என்ற விவரம், எல்லாம். இரண்டாவது, நடிக்கக் கூடாது. முதல் பேய் நாவலைப் படித்தபோது நான் குரலைத் தாழ்த்தி, மூச்சை இழுத்து, பெரிய வித்தையெல்லாம் காட்டினேன். விரல் தட்டியது. கதவைத் திறந்து உள்ளே வந்தார்.

"சார், பயப்படறத எங்ககிட்ட விட்டுருங்க. நீங்க படிங்க, சாக்கு."

சாக்கு என்றால் கன்னடத்தில் போதும் என்று அர்த்தம். அன்றோடு நடிப்பை விட்டேன்.

இன்னொன்றும் அவர் சொல்வார். "எழுத்த நீங்க பாத்துக்குங்க. சத்தத்த நான் பாத்துக்கறேன்." பிரிவில் ஆள் குறைவு, என்னைத் தவிரப் படிக்கிறவர்கள் இரண்டொருவர்தான். புத்தகத்தைக் கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது ஆள் கிடையாது. நான் படித்ததுதான் புத்தகம் என்று அவர் நம்பினார். வேறு வழியும் அவருக்கு இல்லை.

அந்தப் பெண் கேட்ட கேள்வியை நானே ஒருமுறை ஹேமாவதி மேடத்திடம் கேட்டிருக்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரம். அவர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"காதல் கதையில என்ன எழுதறாங்க? அவ அழகா இருந்தா, கண்ணு மீன் மாதிரி இருந்துச்சு. அத வச்சு நான் என்ன பண்றது?" என்றார். "பேய் பங்களாக் கதைல அப்படி இல்ல சார். கதவு எந்தப் பக்கம், படி எத்தனை, சுவரு ஈரமா, காத்து எந்த இடுக்குலேருந்து வருது, எல்லாம் சொல்றான். நாப்பதாவது பக்கத்துல விளக்கு அணைஞ்சுடும். அப்புறம் கண்ணு இருக்கறவங்களும் சுவத்தத் தடவிக்கிட்டு, காத வச்சுத்தான் நடக்கணும். எங்க ஏரியாவுக்கு வந்துட்டாங்கன்னு நினைச்சுப்பேன்."

"அப்ப உங்களுக்குப் பயமே வராதா?"

"இருட்டுக்கு எதுக்குப் பயம்? சிரிப்புதான் வரும். நேத்து வரைக்கும் இருந்த நாற்காலி இன்னைக்கு அந்த இடத்துல இல்லைன்னு ஒரு வரி வந்துச்சுன்னா, அப்ப பயம் வரும். ரெண்டு நாளைக்குப் போகாது."

கேட்டபோது தலையாட்டிவிட்டுப் போய்விட்டேன். நல்ல பதில் என்று தோன்றியது, அவ்வளவுதான். அதை நான் சரியாகக் காதில் வாங்கியிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

இந்த வகை நாவல்களில் ஒரு தொல்லை உண்டு. எழுதுகிறவர்களுக்கு இருட்டு வந்தாலே குருடர் ஞாபகமும் வந்துவிடும். 'குருடியைப் போல அவள் தடவித் தடவி நடந்தாள்', 'குருட்டு இருள்', 'பார்வையற்றவனின் வெற்றுக் கண்களைப் போல ஜன்னல்கள் விழித்தன'. ஒரு நாள் இப்படி ஒரு வரி வந்தது. நிமிர்ந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹேமாவதி மேடம், தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த வரியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாண்டி அடுத்த வரிக்குப் போனேன். விரல் தட்டவில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த புத்தகத்தில் ஒரு பத்தி. அதற்கடுத்ததில், மலைமேல் சூரியன் மறைகிற நிறங்களை மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். இதைக் கேட்டு இவர்கள் ஏன் வருத்தப்பட வேண்டும் என்று மூன்றையும் விட்டேன். பாடப் புத்தகங்களில் ஒவ்வொரு பக்க எண்ணையும் சொல்லிவிட்டுப் படிப்போம். கதைப் புத்தகங்களில் சொல்வதில்லை. அதனால் விட்டது தெரியவே தெரியாது. இரக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று யோசித்தால் பாதி சோம்பல். புழுக்கமான அறையில் தூண், விதானம், தாழ்வாரம் என்று படித்துப் படித்து எனக்குச் சலித்திருந்தது.

பேசும் புத்தகத்துக்கு எங்களிடம் பெயர் கிடையாது, எண்தான். நூற்றுப் பன்னிரண்டு என்பது ஒரு தோட்டத்துரை கட்டிய மலை பங்களாவுக்கு வாழ்க்கைப்பட்டு வருகிற பெண்ணின் கதை. பதினான்கு அறைகள். ஆசிரியருக்கு அந்த வீட்டின் மேல் அப்படி ஒரு மோகம், செங்கல் செங்கலாக எழுதியிருந்தார். அதில் முப்பத்தொரு பக்கத்தை முன்கூட்டியே பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொண்டு படிக்காமல் விட்டேன். பெரும்பகுதி மூன்றாம் அத்தியாயத்தில், அந்தப் பெண் முதல் நாள் வீட்டைச் சுற்றிப் பார்க்கிற இடத்தில். ஒன்பது கேசட்டில் புத்தகம் முடிந்தது. ஹேமாவதி மேடம் எல்லாவற்றையும் கேட்டு, சத்தம் சுத்தமாக இருக்கிறது என்று ஒப்புதல் கொடுத்தார்.

இரண்டு வருடம் கழித்து அஞ்சலை என்ற பெண் கவுன்டருக்கு வந்தார். மாதம் ஒருமுறை வந்து கணவருக்காகக் கேசட் மாற்றிக்கொண்டு போகிறவர். நீலசந்திராவில் வீடு, ஓர் ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை. கணவர் துரைராஜ் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். சர்க்கரை நோயில் நாற்பத்தி நான்காவது வயதில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அதிலிருந்து மனுஷர் வீட்டை விட்டு இறங்கவில்லை. அன்று அஞ்சலை நூற்றுப் பன்னிரண்டைத் திருப்பிக் கொடுக்காமல் பையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சார் பண்றது, அவுரு ரொம்ப பேஜாரா கீறாரு. பயந்து போயிட்டாரு."

"பேய்க்கதை கேட்டா பயம் வரத்தானேம்மா செய்யும்?" என்று கேலியாகச் சொன்னேன்.

"பேய்க்கு இல்ல சார். அந்தக் கதையில சாப்பாட்டு ரூம்லேருந்து அந்தப் பொண்ணு ஒரு கதவு வழியா ஓடுதாம். வந்த அன்னிக்கே பாத்து வச்ச கதவுன்னு கதையில வருதாம். ஆனா வந்த அன்னிக்கி அந்தக் கதவு இவுரு காதுல வுழவே இல்லியாம். ஏழு தபா திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டாரு. ஏழு தபாவும் வுழல. கேட்டுகினு இருக்கும்போதே தல எங்கியோ பூடுதுன்றாரு. சக்கர கண்ண தின்னுச்சு, இப்ப மூளைய தின்னுதுன்னு சொல்லிட்டு ராவும் பகலும் குந்திகினு கீறாரு."

எந்தக் கதவு என்று எனக்குத் தெரியும். அது மேற்குத் தாழ்வாரத்துக்குப் போகிற கதவு. அது என் பென்சில் கோட்டுக்குள் இருந்தது.

அஞ்சலை அழவில்லை. வேலைக்குப் போகிற அவசரத்தில் சொல்லிக்கொண்டே போனார். டிரஸ்ட் மூலமாகவே துரைராஜுக்கு டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. வரும் திங்கட்கிழமை சேர வேண்டும். ஆபீஸ் எண்கள் முந்நூறு, நானூறு மனப்பாடமாக இருக்க வேண்டிய வேலை. "ஒரு கதவே நிக்கல தலையில, நம்பரு எங்கேருந்து நிக்கும், என்ன வுட்டுருன்றாரு. இத வுட்டா அவுரு அப்படியே மூலையில குந்திருவாரு சார். எனக்குத் தெரியும்."

உள் அறையில் ஹேமாவதி மேடம் இருந்தார். அவர் காதைப் பற்றி எனக்குத் தெரியும். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன், "கதை எழுதினவரே மறந்திருப்பாரும்மா. அப்படி நிறைய நடக்கும். அவர்கிட்ட சொல்லுங்க, தப்பு புத்தகத்துலதான்னு."

இருபத்தெட்டு வருடத்தில் நான் சொன்னவற்றில் இதைவிடக் கேவலமான வார்த்தை கிடையாது. செய்தது என் தப்பு. அதைத் தூக்கி, வீட்டைச் செங்கல் செங்கலாகக் கட்டிய அந்த மனிதரின் தலையில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை அஞ்சலை மறுபடி வந்தார். "சொன்னேன் சார். நம்ப மாட்டேன்றாரு. அச்சுல வர்றதுக்கு முன்ன பத்துப் பேரு பாத்திருப்பாங்க, புக்குல தப்பு இருக்காது, எனக்குத்தான் தப்புன்றாரு. பயிற்சிக்கு வரலன்னு உங்க ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வரச் சொன்னாரு. எங்க குடுக்கணும்?"

அவர் நீட்டிய காகிதத்தை வாங்கி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நாளைக்கு நானே வீட்டுக்கு வருகிறேன், அதுவரை யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. டிரஸ்ட்காரர்கள் புத்திமதி சொல்ல வருகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

சனிக்கிழமை காலை நூற்றுப் பன்னிரண்டின் அச்சுப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு நீலசந்திரா பஸ் ஏறினேன். இறங்கி விசாரித்துப் போனால், மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. வெளிப்படிக்கட்டில் தண்ணீர் டிரம்கள். கதவு திறந்திருந்தது. தரையில் உட்கார்ந்திருந்தவர் காலடிச் சத்தம் கேட்டதும் கையை நீட்டித் தடுத்தார்.

"பாத்து, பாத்து. மிதிச்சிராதீங்க. சாப்பாட்டு ரூம் அது."

தரை முழுக்கத் தீக்குச்சிகள். கோடு கோடாக, சதுரம் சதுரமாக, சோற்றுப் பசை வைத்துப் பழைய காலண்டர் அட்டைகளில் ஒட்டியிருந்தார். கதவுக்கு இடைவெளி. படிக்கட்டுக்குச் சோடா மூடிகள். வரைபடத்தைப் பார்த்து இரும்பை இழைத்தவர், காதால் கேட்டதை வைத்து முழு பங்களாவையும் போட்டிருந்தார். அட்டைகள் சேர்ந்து அந்த அறையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தன.

நான் வணக்கம் என்றேன். அவர் முகம் மாறியது.

"படிக்கிற சார்ங்களா? அஞ்சல, இவரு யாருன்னு தெரியுமா? இவருதான்." எழுந்திருக்கப் பார்த்தார். நான் உட்கார வைத்தேன். "ரெண்டு வருசமா உங்க கொரலுதான் சார் எனக்கு. இந்த வூட்ல பத்தடி நடந்தா சுவரு. உங்க பங்களால பதினாலு ரூம்பு, காலாற நடப்பேன். பேய் வந்தா வந்துட்டுப் போவுது. பொருளுங்க வச்ச எடத்துல இருக்கும், அது போதும்." பிறகு விரலால் ஒரு குச்சிச் சுவரைத் தடவினார். "இங்கதான் சார் ஒரு கதவு இருக்கணும். நான் வுட்டுட்டேன்."

உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன். நல்ல வெயில். கீழே யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். மைக் இல்லாமல், கண்ணாடி இல்லாமல், ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே படிப்பது அதுதான் எனக்கு முதல்முறை. மூன்றாம் அத்தியாயத்தில் பென்சில் கோடு போட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். சாப்பாட்டு அறையின் மேற்குச் சுவரில் பச்சை வண்ணம் அடித்த கதவு. அதைத் தாண்டி நீளமான தாழ்வாரம், இடப்பக்கம் ஏழு தூண்கள், தரையில் இரண்டு படி இறக்கம். 'குருடியைப் போல' என்ற வரியும் வந்தது. அதையும் படித்தேன்.

முதல் பக்கம் முடியும்போது அவர் கை தீப்பெட்டியைத் தேடியது. இரண்டாம் பக்கத்தில் பழைய சுவரிலிருந்து இரண்டு குச்சிகளைப் பிய்த்து எடுத்தார். நான் நிறுத்தினேன். நிறுத்தாதீர்கள் என்று கையால் காட்டினார். தாழ்வாரம் முடியும் வரை படித்தேன்.

"அப்ப நான் மறக்கல," என்றார்.

"இல்ல. நீங்க இதைக் கேக்கவே இல்ல. நான் படிக்காம விட்டுட்டேன்."

அஞ்சலை அடுப்புப் பக்கமிருந்து திரும்பிப் பார்த்தார். எதையோ சொல்ல வந்து, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "தலைக்கு ஒண்ணும் இல்லல்ல? ஒண்ணும் இல்லல்ல?" என்று அவரையே கேட்டார். துரைராஜின் முகம் என் பக்கமே இருந்தது.

"ஏன் சார் வுட்டீங்க?"

"இருட்டு, வெளிச்சம், நிறம்னு வருது. கேட்டா உங்களுக்கெல்லாம் கஷ்டமா இருக்கும்னு நினைச்சேன்."

"யாரக் கேட்டீங்க?"

யாரையும் கேட்கவில்லை. அதைச் சொன்னேன்.

"எவ்ளோ பக்கம்?"

"இந்தப் புத்தகத்துல முப்பத்தொண்ணு."

"வேற புக்குங்கள்ல?"

பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். இந்தக் கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. பொய் சொல்ல வாய்ப்பிருந்தது. "இன்னும் எட்டுப் புத்தகம்," என்றேன். அதில் ஆறை அவர் கேட்டிருந்தார். எண்களைச் சொன்னபோது ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார், அந்த வீடுகளையும் மனதில் தேடுகிறவராக. அந்தத் தலையசைப்பைப் பார்க்க என்னால் முடியவில்லை, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீதிப் பக்கங்களையும் படிக்கவா என்று கேட்டேன். படிங்க என்றார். இரண்டரை மணி நேரம் படித்தேன். அவர் குச்சிகளை மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து அஞ்சலையிடம் கொடுத்தேன். அதை அவர் அடுப்பில் போட்டார். திங்கட்கிழமை துரைராஜ் பயிற்சியில் சேர்ந்தார்.

அதே திங்கட்கிழமை ஹேமாவதி மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். "குருடின்னு வர்ற வரியெல்லாம் நான் சின்ன வயசுலேருந்து கேக்கறேன் சார். அதுல எனக்கு ஒண்ணும் ஆகல. உங்கள நம்பி ஒப்புதல் குடுத்தேனே, அதுக்கு என்ன பண்றது?" என்றார். குரல் அப்போதும் உயரவில்லை. "ஒம்பது புக்கு லிஸ்ட் போட்டுக் குடுங்க. எல்லாத்தையும் முதல்லேருந்து படிக்கணும்."

மேலிடத்துக்கு அவர் எழுதிப் போடவில்லை. எழுதியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கதைப் புத்தகத்திலும் பக்க எண் சொல்ல வேண்டும், பதிவின்போது இன்னொருவர் புத்தகத்தோடு உட்கார வேண்டும் என்று விதி போட்டார். அது யாரால் வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒன்பது புத்தகத்தையும் மறுபடி படிக்க ஒன்றேகால் வருடம் ஆனது. வேலை நேரம் முடிந்த பிறகு தினம் ஒரு மணி நேரம் உட்காருவேன். மேடமும் உட்காருவார். முன்பு போலவே தட்டுவார். ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு நின்றுபோயிற்று. மறுபடி பேச ஆரம்பிக்க இரண்டு வருடம் பிடித்தது.

அந்தப் புத்தகங்களை இரண்டாம் முறை முழுதாகப் படித்தபோதுதான் எனக்கு அவை கொஞ்சம் புரிந்தன. பேய் வருவது நான்கைந்து பக்கம். மீதியெல்லாம் வீடு. ஒரு வீட்டை, அதன் ஒவ்வொரு மூலையையும், யாரோ பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். உலகத்தில் யாருக்கும் யாரும் அவ்வளவு பொறுமையாக எதையும் சொல்வதில்லை. பிடித்ததா என்றால், இல்லை, எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு தூணைக்கூட விடவில்லை.

துரைராஜ் பயிற்சி முடித்து ஒரு கம்பெனியில் ஆபரேட்டராகச் சேர்ந்தார். ஒரு நாள் அவரே கவுன்டருக்கு வந்தார். கையில் மடக்குக் கோல், பக்கத்தில் யாரும் இல்லை. நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறித் தனியாக வந்திருக்கிறார். புதிதாகப் பதிவு செய்த நூற்றுப் பன்னிரண்டை எடுத்து அவர் கையில் வைத்தேன். ஒரு பக்கமும் விடாதது என்று சொல்ல நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பெட்டியின் மேலிருந்த பிரெய்ல் புள்ளி எழுத்தைத் தடவி எண்ணைப் படித்தார்.

"இது யாரு படிச்சது?"

"நான்தான். முழுசா படிச்சது."

பெட்டியைக் கவுன்டரின் மேல் வைத்து, மெதுவாக என் பக்கம் தள்ளினார். குரலில் கோபம் இல்லை. மரியாதை குறையவில்லை.

"பேய் பங்களாக் கதைதான் சார் வேணும். வேற யாராச்சும் படிச்சது இருந்தா குடுங்க."

இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். நான் ஓய்வு பெறும் வரை மாதாமாதம் வந்தார். மாதாமாதம் தேடி எடுத்துக் கொடுத்தேன்.